ஜொகானஸ்பர்க் மாடிவீட்டில் மிளகாய்ச் செடி: பூ ஏன் உதிர்கிறது, மிளகு விளையுமா?

ஜொகானஸ்பர்க்கில் மூன்றாம் மாடி வீடொன்றில் குடியிருக்கும் சகோதரி கேட்டிருப்பது இது: சென்ற டிசம்பரில் விதைத்த மிளகாய்ச் செடிகள் சன்னலோரத்தில் இரண்டரை அடி உயரம் வளர்ந்து, மார்ச் முதல் பூத்துக்கொண்டும் இருக்கின்றன, ஆனால் பூக்கள் காம்போடு மஞ்சளாகி உதிர்கின்றன, ஒரு காய்கூட நிற்கவில்லை, எந்த உரம் போட்டால் காய் பிடிக்கும்? அத்துடன், 'பெப்பர்' என்று எழுதிய விதைப் பொட்டலம் ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார். அதை ஊன்றினால் ரசத்துக்கு மிளகு கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. இடையில் அவர் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது: தெற்குப் பார்த்த சன்னலே மிளகாய்க்கு உகந்தது என்று எங்கோ படித்ததால், தொட்டிகளைப் படுக்கையறையின் தெற்குச் சன்னலுக்கு மாற்றியிருக்கிறார். உரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், இந்த ஊரில், வீட்டுக்குள், மிளகாய் காய்க்கப் போதுமான வெயிலும் வெதுவெதுப்பும் கிடைக்குமா என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். உரம் அதற்குள் தன் இடத்தில் வரும்.

நான் கோயம்புத்தூரில் தோட்டக்கலை படித்தவன். பதினாறு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவில் காய்கறி நாற்றங்கால்களில் வேலை செய்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் டர்பனுக்கு அருகில், அதன்பிறகு ஜொகானஸ்பர்க்கில். நாற்று வளர்ப்பது தொழில். மிளகாயைச் சன்னலில் வளர்ப்பது வீட்டுத் தேவையால் வந்த பழக்கம். செடியை நேரில் பார்க்காமல் எழுதும் எந்தப் பதிலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதால், கீழே உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவும், வாதத்துக்கு இடமுள்ளதை அப்படியேயும் எழுதுகிறேன்.

தெற்குச் சன்னல் என்ற அறிவுரை தவறன்று. அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டது. அங்கே நண்பகல் சூரியன் தெற்கு வானில் நிற்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 26 பாகையில் இருக்கிறோம். நமக்கு நண்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும். ஆகவே இங்கே வெயில் வரும் சன்னல் வடக்குச் சன்னல்தான். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை நேர் தெற்குப் பார்த்த சன்னலில் ஒரு நிமிட வெயில்கூட விழாது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று தோன்றாததற்குக் காரணம் உண்டு. மதுரையில் சூரியன் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடு வரை உச்சிக்குச் சற்று வடக்கேயும் மற்ற மாதங்களில் தெற்கேயும் செல்வதால், திசையைக் கணக்கிட்டுத் தொட்டி வைக்கும் தேவை நம் வீடுகளில் எழுந்ததே இல்லை. கொல்லையில் எங்கே ஊன்றினாலும் மிளகாய் காய்த்தது. சகோதரியின் செடிகள் இரண்டரை அடிக்கு மெலிந்து நீண்டிருப்பதும், கணுக்களுக்கு இடையே இடைவெளி கூடியிருப்பதும் செழிப்பின் அடையாளம் அல்ல. வெளிச்சத்தைத் தேடித் தண்டு எட்டிப் பிடிக்க முயல்வதன் அடையாளம்.

ஆனால் வடக்குச் சன்னலுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் என்னால் முடியாது. ஜூன் 21ஐ ஒட்டிய நாள்களில் இங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை உயரத்தில்தான் இருக்கும். டிசம்பர் 21ஐ ஒட்டி ஏறத்தாழ 87 பாகை, அதாவது கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே. சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஜூன் நண்பகல் வெயில் அறைக்குள் 2 மீட்டருக்கும் அதிகமாக நீளும். டிசம்பரில் ஒரு சாண்கூட உள்ளே வராது, மேலே சிறு தாழ்வாரம் இருந்தால் அதுவும் இல்லை. இங்கே மழை டிசம்பரை ஒட்டிய கோடையில் பெய்கிறது, ஜூனை ஒட்டிய குளிர்காலம் மேகமற்று வறண்டு கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, வெதுவெதுப்பு இல்லை. கோடையில் வெதுவெதுப்பு இருக்கிறது, வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை. மிளகாய்க்கு இரண்டும் ஒருசேர வேண்டும். இரண்டும் கைகோக்கும் காலம் வீட்டுக்குள் ஆண்டில் இருமுறைதான் வருகிறது: மார்ச் கடைசியும் ஏப்ரலும், பின்னர் செப்டம்பரும் அக்டோபரும். செடி அந்த வாரங்களில் பூக்கும்படி காலத்தை வகுத்துக்கொள்வதும், கோடையில் பால்கனி இருந்தால் தொட்டியை வெளியே வைப்பதும்தான் இந்த ஊரில் வீட்டு மிளகாயின் அடிப்படை. உரம், மருந்து, கரைசல் எல்லாம் இதற்குப் பிறகே.

வெளிச்சம் போதுமா என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மங்கலுக்கும் கண் பழகிவிடும். நல்ல வெயிலில் திறந்தவெளியின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு). நமக்கு 'நல்ல வெளிச்சமாக' தெரியும் வரவேற்பறையில் 500 லக்ஸ் இருந்தாலே அதிகம். இருநூறில் ஒரு பங்கு அது. எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பகலில் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு முழம் மேலே கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாக விளிம்பு தெரிய விழுந்தால் நேர் வெயில். கலங்கிய ஒரு திட்டாகத் தெரிந்தால் கீரைக்கு வேண்டுமானால் போதும், காய்க்கும் செடிக்குப் போதாது. காய்க்கும் மிளகாய்க்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும் என்பது என் அனுபவத்தில் கறாரான கணக்கு. ஐந்தில் சமாளிக்கும் வகைகள் உண்டு. மூன்றில் சமாளிக்கும் வகையை நான் கண்டதில்லை.

எல்இடி விளக்கு வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நாற்றுப் பருவத்துக்கு வைக்கலாம், செலவுக்குத் தகுந்த பலன் உண்டு: 20 வாட் வெள்ளை எல்இடி குழல்விளக்கு ஒன்றை நாற்றுகளுக்கு ஒரு சாணுக்கும் குறைந்த உயரத்தில் தொங்கவிட்டு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரித்தால் குட்டையான, தடித்த நாற்று கிடைக்கும். காய்க்கும் செடியை விளக்கிலேயே வளர்ப்பது வேறு கணக்கு. இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு மின்சாரத்தில் அளந்து குறைந்தது 100 வாட் வேண்டும். 15 மணி நேரம் எரித்தால் நாளுக்கு ஒன்றரை யூனிட், மாதத்துக்கு 45 யூனிட். மார்க்கெட்டில் மிளகாய் விலையையும் உங்கள் மின்கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம், நான் செய்வதில்லை. விளக்கு வைப்பவர்கள் மின்வெட்டை மறக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் மின்சாரம் போவதால் செடிக்கு எதுவும் ஆகாது. ஆனால் முள் சுற்றும் பழைய வகை டைமர் மின்சாரம் போனதும் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில வாரங்களில் விளக்கு நள்ளிரவில் எரியத் தொடங்கியிருக்கும். வாரம் ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள்.

இனி குளிர். நான் டர்பனிலிருந்து இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பன்னிரண்டு தொட்டிகளை வடக்குச் சன்னல் மேடையில் வரிசையாக வைத்து, இரவில் வழக்கம்போல் திரையை இழுத்து மூடினேன். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செடிகள். ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலை திரையை விலக்கியபோது, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த இலைகள் எல்லாம் வெந்த கீரைபோல் கருத்துத் தொங்கின. அறைக்குள் ஒரு மீட்டர் தள்ளி நின்ற ஒரே ஒரு தொட்டி முழுதாகத் தப்பியிருந்தது. திரை அறையின் வெப்பத்தைச் செடிக்குப் போகவிடாமல் தடுத்து, செடியை வெளிக்காற்றின் குளிரோடு சேர்த்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் ஜூலை இரவுகள் 4, 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது வழக்கம். உறைபனி விழும் நாள்களும் உண்டு. வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் கிடையாது. ஆகையால் மாலை ஐந்து மணிக்குத் தொட்டியைச் சன்னலிலிருந்து எடுத்து அறைக்குள் வையுங்கள்; அல்லது திரை செடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வரும்படி செய்யுங்கள்.

பூ உதிர்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மிளகாய் பகலில் 21 முதல் 29 டிகிரி, இரவில் 16 முதல் 21 டிகிரி இருக்கும்போது நன்றாகக் காய் பிடிக்கும். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் மகரந்தம் வலுவிழக்கிறது. பூ உதிரும், அல்லது விதையே இல்லாத, கோணலான, சிறுத்த காய் பிடிக்கும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினாலும் பூ உதிரும். கோடையில் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அது எளிதாகத் தாண்டும். இவை உறுதியானவை. வெளிச்சக் குறைவால் பூ உதிர்வதும் உறுதியானதே: காயை வளர்க்கும் சர்க்கரை இலையில் உண்டாகாதபோது, செடி சுமையை முன்கூட்டியே கழித்துவிடுகிறது. சகோதரியின் வீட்டில் மார்ச், ஏப்ரலில் உதிர்ந்த பூக்களுக்குத் தெற்குச் சன்னலே காரணமாக இருந்திருக்கும். இனி மே கடைசியிலிருந்து உதிரப்போகும் பூக்களுக்கு இரவுக் குளிர் காரணமாக இருக்கும்.

மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீ வர வேண்டியதில்லை. மிளகாய்ப் பூவில் ஆண், பெண் இரண்டும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். வெளியில் காற்றின் அசைவு செய்யும் வேலையை மூடிய அறையில் நாம் செய்ய வேண்டும். முன்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், பூ விரிந்து மகரந்தம் உலர்ந்திருக்கும் நேரத்தில், பூக்காம்பை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் போதும். ஒரு சிறிய மின்விசிறியைத் தொலைவில் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிடுவது இன்னும் எளிது, தண்டும் உறுதிப்படும்.

இப்போது உரம். இந்நாட்டு உரப் பைகளில் 3:1:5, 2:3:2 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகிய மூன்றும் அந்த வரிசையில் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதே அது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டுகிறது. பூக்கும் செடிக்குச் சாம்பல்சத்து கூடிய 3:1:5 பொருத்தமானது. புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். இலை கரும்பச்சையாகத் தழைக்கும், பூ தாமதமாகும், வந்த பூவும் நிற்காது. குருணை உரம் சிறு தொட்டியில் வேரைச் சுட்டுவிடும் என்பதால், நீரில் கரையும் வகையை வாங்கி, அட்டையில் சொன்ன அளவில் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முதல் பூ வந்தபிறகு கொடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உரமே வேண்டாம். குளிர்ந்த மண்ணில் வேர் உண்பதில்லை. போட்ட உரம் உப்பாகத் தங்கும்.

தேமோர்க் கரைசல், புளித்த மோர், பஞ்சகவ்யம், மீன் அமிலம், வாழைப்பழத்தோல் நீர், முட்டை ஓடு ஆகியவற்றைப் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். இவற்றை இழிவாகப் பேசுவது என் நோக்கமல்ல. தேங்காய்ப்பாலும் மோரும் சேர்ந்த தேமோரைப் பூக்கும் பருவத்தில் தெளித்துப் பலன் கண்டதாகச் சொல்லும் உழவர்கள் பலரை எனக்குத் தெரியும், அவர்கள் வயலைக் கவனிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் அவர்களுடைய வயலில் வெயில் குறைவில்லை. வெயில் குறைந்த அறையில் இக்கரைசல்கள் பூவை நிறுத்திக் காயாக்கியதை நான் பார்த்ததில்லை. மூடிய அறையில் நாற்றமும், மண்ணிலிருந்து கிளம்பும் சிறு கருப்பு ஈக்களும் பெருகியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முட்டை ஓடு மண்ணில் கரைய மிக நீண்ட காலம் ஆகும். காயின் நுனி கருத்து அழுகினால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்து இல்லாததால் அல்ல. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது.

இந்த மே மாதத்தில் உங்கள் செடிகளை என்ன செய்வது? மிளகாயை ஓராண்டுப் பயிர் என்று நாம் பழகியிருக்கிறோம். அது இயல்பில் பல ஆண்டுகள் வாழும் குறுஞ்செடி. குளிரிலிருந்து காப்பாற்றினால் இரண்டாம் ஆண்டு இன்னும் விரைவாகக் காய்க்கும். தொட்டிகளை இன்றே வடக்குச் சன்னலுக்கு மாற்றுங்கள். பூக்கள் உதிர்வதைப் பற்றி ஆகஸ்ட் வரை கவலைப்படாதீர்கள். உயிரோடு வைத்திருப்பது ஒன்றே இப்போதைய வேலை. தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். குளிர்காலத்தில் தொட்டிச் செடி தாகத்தால் சாவது அரிது, ஈர மண்ணில் வேரழுகிச் சாவதே அதிகம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். அல்லது தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனம் கையிலேயே சொல்லும். தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில், முதல் கிளை பிரியும் இடத்துக்கு மேலே இரண்டு கணுக்களை விட்டு மற்றதை நறுக்குங்கள். பார்க்க மனம் வருந்தும். ஆனால் மூன்று வாரத்தில் ஒவ்வொரு கணுவிலும் புதுத்துளிர் வரும். அப்போதே பழைய தொட்டியை விட்டு 10 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, மக்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்து, அதில் கால் பங்கு பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைத் துகளோ ஆற்றுமணலோ சேருங்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் தொட்டி மண்ணில் பெரும்பகுதி பைன் மரப்பட்டைதான். நன்கு மக்கியிருந்தால் அருமையான ஊடகம், பட்டைச் சில்லுகள் வெளிர்நிறத்தில் தெரிந்தால் அது மக்கும்போது செடியின் தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

புதிதாக விதைப்பதற்கு டிசம்பர் ஏற்ற காலம் அல்ல. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நாம் சொல்வது பருவமழையை வைத்து. வேறு காரணத்தால் அதே பழமொழி இந்த ஊரிலும் பலிக்கிறது. ஆடி நடுவில், அதாவது ஜூலைக் கடைசியில், வீட்டுக்குள் விதைத்தால், உறைபனிக் காலம் முடிந்து செப்டம்பர் பிற்பகுதியில் நாற்று பெரிய தொட்டிக்குத் தயாராக இருக்கும். முளைப்பதற்கு மண்ணில் 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். 18க்குக் கீழே வாரக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து அழுகும். இந்தக் குளிரில் அந்த இடத்தை எங்கே தேடுவது? உங்கள் வீட்டில் தோசை மாவு ஒரே இரவில் பொங்கும் இடம் எதுவோ, அதுவே மிளகாய் விதை முளைக்கும் இடம். இரண்டுக்கும் தேவையான வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓவனின் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவு வைப்பவர்கள், மாவுக்குப் பக்கத்திலேயே மூடிய டப்பாவில் ஈரத்தாளில் மடித்த விதைகளையும் வைக்கலாம். ஓவனைச் சூடாக்கும் முன் எடுத்துவிட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சாதாரண மிளகாய் 7 முதல் 14 நாளில் முளைவிடும். ஹபனேரோ போன்ற மிகக் காரமான வகைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஈரம் மிகுந்தால் தண்டு மண்மட்டத்தில் இற்று விழும் நாற்றழுகல் வரும்.

எந்த வகை என்றால், என் முதல் தேர்வு இங்கே பேர்ட்ஸ் ஐ என்று விற்கப்படும் சிறு மிளகாய். பெரி பெரி என்னும் காரச் சாந்துக்குப் பயன்படும் ஆப்பிரிக்கச் சிறு மிளகாயும் நாஞ்சில் நாட்டுக் காந்தாரி மிளகாயும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியக் கப்பல்கள் வழியே இரு கரைகளுக்கும் பரவியவை. சின்னக் காய் என்பதால் குறைந்த வெளிச்சத்திலும் சிலவற்றையாவது முற்றவிடும். குடைமிளகாயை முதலில் எடுக்காதீர்கள்; அந்தப் பெரிய காயை நிரப்ப வேண்டிய வெயில் சன்னலில் கிடைப்பது கடினம். சமையலறையில் இருக்கும் காய்ந்த மிளகாயிலிருந்து விதை எடுக்கலாம்: வெயிலில் உலர்த்தியதாக இருந்தால் ஒரு பகுதி முளைக்கும், எந்திரத்தில் அதிகச் சூட்டில் உலர்த்தியதாக இருந்தால் முளைக்காது. பச்சை மிளகாயின் விதை முற்றாதது. காய் செடியிலேயே சிவக்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டிக்குள் விதை கொண்டுவருவதை மட்டும் செய்யாதீர்கள். இந்நாட்டுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். அந்த விதி வெற்றுச் சடங்கல்ல, மிளகாயின் சில நச்சுயிரிகள் விதையின் மேலேயே பயணம் செய்பவை. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் செடியைத் தொடும்முன் சோப்பால் கை கழுவட்டும். புகையிலையிலிருந்து இலைத் தேமல் நோய் இப்படித்தான் வந்து சேர்கிறது.

இலை சுருள்வதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இலை விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து இலை குறுகினால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்பது எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித்தந்த அடையாளம். பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் மிகுந்த ஈரத்தாலும் குளிராலும்கூட இலை கவியும். இங்கே குளிர்காலத்து வறண்ட காற்றில் செஞ்சிலந்திதான் முதல் எதிரி. வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள்; விழுந்த துகள்கள் நகர்ந்தால் அதுவேதான். செடியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுவதே முதல் மருந்து. பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, மாலையில், ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை தெளியுங்கள். தெருவில் லேபிள் இல்லாத பொட்டலத்திலும் சீசாவிலும் விற்கப்படும் பூச்சிமருந்தை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 2024இல் இந்த ஊரின் ஸொவேட்டோ பகுதியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு டெர்புஃபாஸ் என்ற வேளாண் நஞ்சே காரணம் என்று அரசு அறிவித்தது. நாம் பறித்து அப்படியே சட்டினியில் போடும் செடி இது.

டர்பன், கேப் டவுன் நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாக ஒன்று. டர்பனில் உறைபனி இல்லை. அங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் மிளகாய் ஆண்டுமுழுதும் வெளியிலேயே நிற்கும். அங்கே வீட்டுக்குள் வளர்க்க வேண்டிய கட்டாயம் முற்றமில்லாத மாடிவீட்டாருக்கு மட்டுமே. கேப் டவுனில் குளிர்காலம் மழையும் மேகமுமாக இருப்பதால், நான் மேலே சொன்ன குளிர்கால வெளிச்சக் கணக்கு அங்கே பொருந்தாது.

கடைசியாக 'பெப்பர்' பொட்டலம். ஆங்கிலத்தில் மிளகுக்கும் குடைமிளகாய்க்கும் அந்த ஒரே சொல் வழங்குவதால் வந்த குழப்பம் இது. விதைக் கடையில் அப்படி எழுதியிருந்தால் அது பெரும்பாலும் குடைமிளகாய். விதை தட்டையாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், வட்டமாக இருந்தால் ஐயமே வேண்டாம். மிளகு வேறு குடும்பத்துக் கொடி. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் நிழலும் ஈரக்காற்றும் அதன் பிறப்பிடம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகை ஊன்றினாலும் முளைக்காது. அது முற்றும்முன் பறித்து வெயிலில் காயவைத்தது. மிளகின் விதை உலர்ந்தால் உயிர் நிற்பதில்லை. வளர்ப்பவர்கள் கொடித்துண்டையே நடுகிறார்கள்; அது காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்கவைத்த புதர்மிளகு தொட்டியிலேயே குட்டையாக நின்று விரைவில் காய்க்கும். டர்பன் பக்கம் நல்ல செடி கிடைத்தால், அங்கே நிழலான தாழ்வாரத்தில் அது மகிழ்ச்சியாக இருக்கும். ஜொகானஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் நான் இருமுறை முயன்றேன். இரண்டு செடிகளும் ஜூலையில் இலையுதிர்த்து மீளவில்லை. குளியலறையில் வைத்து ஈரப்பதம் காத்துக் காப்பாற்றியவர்கள் இருக்கலாம். ஆனால் ரசத்துக்கு அதை நம்பியிருக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பொட்டலத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள்; மிளகாய் இன விதைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும். பால்கனியில் ஆறு மணி நேர வெயில் விழும் இடம் இருந்தால் ஆடியில் அதையும் ஊன்றலாம். அதற்குமுன், சன்னலை மாற்றி இரண்டு வாரம் ஆனதும், செடி இருக்கும் இடத்தில் விடியற்காலை வெப்பநிலை எவ்வளவு என்று ஒரு வெப்பமானியில் பார்த்து, சுருண்ட இலையின் அடிப்பக்கப் படத்தோடு எழுதுங்கள். இலைப்பேனா, குளிரா என்பதை அதை வைத்துச் சொல்ல முயல்கிறேன்.